விலைபோகாதது வீணா?

எதிரணிச் சகோதரி ஒரு கேள்வியை வீசிட்டு உட்கார்ந்தாங்க. "விலைபோகாத பண்டம் வீண்தானே?" அப்படின்னாங்க. அம்மா, ஒரு விமானத்தோட கதையைச் சொல்றேன். கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க.

1981-இல் அமெரிக்கத் தரைப்படைக்கு ஓர் ஆசை. தரையிலுள்ள இலக்கைத் தாக்க, செலவு குறைந்த சிறு விமானம் வேண்டும். பர்ட் ருட்டான் வரைந்து கொடுத்தார். ஆர்டர் வரவில்லை. மனிதர் விட்டாரா? அவருடைய ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனம் சொந்தப் பணத்தைப் போட்டுச் செய்தது. 1990 பிப்ரவரி 19-இல் விமானம் பறந்தது. பெயர் ஏரீஸ், கிரேக்கர்களின் போர்க்கடவுள் பெயர்.

அதில் ஒரு சிக்கல். பீரங்கி சுட்டால் புகை வரும். அதை ஜெட் எஞ்சின் உறிஞ்சினால் திணறி அணைந்து போகலாம். ருட்டான் என்ன செய்தார்? பீரங்கியை வலப்பக்கம் வைத்தார். எஞ்சின் காற்றிழுக்கும் வாயை இடப்பக்கம் வைத்தார். முன்னாலேருந்து பார்த்தா, பல்வலியில ஒரு கன்னம் வீங்கினவர் மாதிரி இருக்கும்! (சிரிப்பு) அழகு போச்சு, சிக்கல் தீர்ந்துச்சு. 1991-இல் பறந்தபடியே சுட்டும் பார்த்தார்கள்.

வாங்க ஆள் வந்ததா? இல்லை. செய்தது ஒன்றே ஒன்று. பட்டாளத்துல சேராட்டாலும் சினிமாவுல சேர்ந்துடுச்சு! 1992-இல் ஒரு ஹாலிவுட் படத்தில் நடித்தது. (சிரிப்பு) அப்புறம் ஆராய்ச்சிக் கருவிகளைச் சுமந்து பறந்தது. பெயரோ போர்க்கடவுள், பார்த்ததோ ஆராய்ச்சி வேலை. அது ஒரு குறையா, அம்மா?

அதே பட்டறையிலிருந்துதான் 2004-இல், மனிதனை விண்வெளிக்குக் கொண்டுபோன முதல் தனியார் கலம் கிளம்பியது. "அதுவும் முடிவுதானே"ன்னு கேட்பீங்க. விற்காத விமானத்தைப் பார்த்து, "எல்லாம் வீண்"னு பட்டறைக் கதவைச் சாத்தியிருந்தா அந்த முடிவு வந்திருக்குமா? (கைதட்டல்)

என்கிட்ட படிச்ச மாணவன் ஒருத்தன் நேர்முகத் தேர்வுல தேறலை. "மூணு வருஷப் படிப்பும் வீண்"னு அப்பா ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். அதுக்கப்புறம் ஆறு மாசம் அவன் புத்தகத்தைத் தொடலை, நடுவர் அவர்களே. வேலை கிடைக்கலைங்கிறது உண்மை. படிச்சது வீண்ங்கிறது பொய். அந்தப் பொய்யைத்தான் எதிரணி இந்த மேடையில தராசுல வைக்குது.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகிட்ட "எத்தனை மார்க்?"னு கேளுங்க, வேண்டாங்கலை. அதுக்கு முன்னாடி, "என்ன கத்துக்கிட்டே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. (பலத்த கைதட்டல்)