மஞ்சள் விழுந்த வயலுக்கு மருந்து இல்லை, ஒற்றுமையே மருந்து!

(துங்ரோ நோய் குறித்து விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நட்டு ஒரு மாசத்துல நெல்லு நுனியிலிருந்து மஞ்சளா, ஆரஞ்சு நிறமா மாறுது. பயிர் குட்டையா நிக்குது, தூர் கட்டல. உடனே நாம என்ன செய்யறோம்? சத்துக் குறைவுன்னு யூரியாவைக் கொட்டுறோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை எல்லாம் அடிக்கிறோம். காசு போச்சு, பயிர் தேறல. ஏன்? அது துங்ரோ என்ற வைரஸ் நோய். வைரஸைக் கொல்ல எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. யூரியா கூடினால் பூச்சிதான் பெருகும்.

இந்த நோய் விதையில் வராது, மண்ணில் வராது. பச்சைத் தத்துப்பூச்சிதான் இதற்கு முக்கிய வாகனம். நோயுள்ள பயிரில் அரைமணி நேரம் சாறு குடித்தாலே போதும். சில நாள் வரை போகிற வயலுக்கெல்லாம் நோயைக் கொடுக்கும். ஆனால் முட்டை வழியாக அதன் குஞ்சுக்கு நோய் போகாது. குஞ்சும் நோயுள்ள பயிரில் உட்கார்ந்தே ஆகணும். அந்தப் பயிர் எங்கே இருக்கு? அறுத்துட்டு உழாமல் விட்ட தாளில் துளிர்க்கிற மறுதாம்பில்! முன்பின்னாக நட்ட பக்கத்து வயலில்!

ஆகவே தோழர்களே, தாளை உடனே மடக்கி உழுங்கள். 20 சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். விளக்குப்பொறி வையுங்கள். நோய் வருகிற பகுதியில் குத்துக்கு 2 பூச்சி கண்டாலே நடவடிக்கை எடுங்கள். மஞ்சளான குத்தைப் பிடுங்கி மண்ணில் புதையுங்கள். நான் மட்டும் செய்து என் வயலைக் காப்பாத்த முடியாது. பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஊரே ஒரே சமயத்தில் நடணும்.

ஒரே சமயத்தில் நட, வாய்க்காலில் ஒரே சமயத்தில் தண்ணீர் வரணுமே! கடைமடைக்குத் தண்ணீர் பிந்தினால் நடவும் பிந்தும், பூச்சிக்குப் பந்தி போட்ட மாதிரி ஆகும். இது விவசாயி குற்றமா?

2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டத்தில், நோயால் வரும் இழப்பை ஊர் அளவு மகசூலை வைத்தே கணக்கிடுகிறார்கள். ஒருத்தர் வயல் மட்டும் பாழானால் அவருக்கு ஒன்றும் இல்லை. பிரீமியம் மட்டும் தனித்தனியா?

நாம் கேட்பது:

1. தூர்வாரி, கடைமடை வரை உரிய காலத்தில் தண்ணீர் விடு!
2. நோய் தாங்கும் ரக விதையைப் பருவத்துக்கு முன்பே கொடு!
3. மஞ்சள் கண்டதும் அதிகாரி வயலுக்கு வந்து பார்த்து எழுதிக் கொடு!
4. நோய் இழப்பை வயல் வாரியாகக் கணக்கெடு!

உழுவதிலும் ஒன்றாவோம்! கேட்பதிலும் ஒன்றாவோம்!