அரபு மொழியும் நம் மாணவரும்



தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நான் கூறிய அறிவுரைகளுள் ஒன்று பிழையானது. அதனை இன்று உங்கள்முன் ஒப்புக்கொள்ள விரும்புகின்றேன்.

நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன், கல்லூரியில் சேருமுன் என்னிடம் வந்தான். "ஐயா, பகுதி ஒன்றில் மொழிப்பாடமாக அரபு எடுக்கலாமாம், எடுக்கட்டுமா?" என்று கேட்டான். "அது முஸ்லிம்கள் வேதம் ஓதும் மொழி அல்லவா? உனக்கு எதற்கப்பா?" என்றேன். மறுபேச்சின்றிச் சென்றுவிட்டான்.

பின்னர் அவன் மின்பணியாளனாகச் சவூதி அரேபியாவுக்குச் சென்றான். விடுமுறையில் வந்தபோது, "ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பகுதியை மட்டும் படித்துக் கையொப்பமிட்டேன், ஐயா. வேலை நேரம் பற்றி அரபுப் பகுதியில் வேறுவிதமாக இருந்தது" என்றான். இரண்டும் முரண்பட்டால் அரபு வாசகமே செல்லும் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம். அவன் என்னைக் குறை கூறவில்லை, நான்தான் நாணினேன்.

அரபு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. அரபு நாடுகளில் வாழும் கிறித்தவரும் அதனையே தாய்மொழியாகப் பேசுகின்றனர். 1973-ஆம் ஆண்டு முதல் அது ஐக்கிய நாடுகள் சபையின் ஆட்சிமொழிகளுள் ஒன்று.

நமக்கும் அது புதிதன்று. வழக்குமன்றத்தில் வக்கீல், ஜாமீன் என்கிறோம். கணக்கெழுதும்போது வசூல், பாக்கி என்கிறோம். பத்திரத்தில் அசல், நகல் என்கிறோம். இவை யாவும் அரபு மூலமுடைய சொற்களே. நம் சோழமண்டலக் கரையை அரபு வணிகர் 'மஅபர்', அதாவது கடந்து செல்லும் இடம் என்று அழைத்தனர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் தமிழையே அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புதிய எழுத்துகளையும் அமைத்துக்கொண்டனர். அதுவே அரபுத்தமிழ்.

அம்மொழியின் அமைப்பும் இனியது. பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களாகிய வேரிலிருந்து கிளைக்கின்றன. 'கதப' என்றால் எழுதினான்; 'காதிப்' எழுதுபவன்; 'கிதாப்' நூல்; 'மக்தபா' நூலகம். ஒரு வேரை அறிந்தால் ஒரு குடும்பமே அறிமுகமாகிவிடும்.

கற்பதற்கு இடமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறை 1927-இல் தோன்றியது. 1951-இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் சென்னை நியூ கல்லூரியிலும் அரபு கற்பிக்கப்படுகின்றது.

"தமிழை விட்டுவிடுவதா?" என்று சிலர் கேட்பீர்கள். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழைச் செம்மையாகக் கற்றவன் அதனை இழந்துவிட மாட்டான்; வீட்டில் தமிழ் நூல்களைத் தொடர்ந்து படித்தால் போதும்.

இனி எந்த மாணவனேனும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டால், "உனக்கு எதற்கு?" என்று கேளேன்; "நன்றாகப் படி" என்றே கூறுவேன்.