மூட்டை யாருடையது?

(கும்மிடிப்பூண்டியில் மாணவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கூடிய வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எளாவூர் செக்போஸ்ட்டும் நம்ம ரயில்வே ஸ்டேஷனும் உங்களுக்குத் தெரியும். ஆந்திர – ஒடிசா மலைகளில் விளையும் கஞ்சா இந்த வழியாகவும் சென்னைக்குப் போகிறது. சிப்காட் வாசலில் பொட்டலமாக விற்றால் நாசமாவது நம்ம பிள்ளைகள்தான். அதனால கஞ்சா வித்தவனுக்கு வக்காலத்து வாங்க நான் இங்க வரல.

ஆனால் பிடிபடுவது யார்? மூட்டையின் முதலாளி ரயிலில் வருவதில்லை. கூலிக்குத் தூக்கியவனோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனோதான் சிக்குகிறான். உடனே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது: 'சேரிப் பையன்தானே, செஞ்சிருப்பான்', 'ஒடிசாக்காரன்தானே, கடத்தியிருப்பான்.' பிறந்த இடம் என்றைக்கு சாட்சியம் ஆச்சு?

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் சாதாரணச் சட்டமல்ல. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு சிறை. 37ஆம் பிரிவு ஜாமீன் கதவையே ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. 35, 54ஆம் பிரிவுகள், நீதான் குற்றமற்றவன் என்று காட்டு என்கின்றன. இருந்தாலும் 2008இல் நூர் ஆகா வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு வரம்பு போட்டது. அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலைக்கு மாறும்.

அந்த அடிப்படை என்ன? மூட்டை இவன் வசம் இருந்ததா என்பது முதல் கேள்வி. ரயிலில் மேல்பலகையில் கிடந்த பை, கீழே உட்கார்ந்தவனுடையதுதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அடுத்தது எடை. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனி. நுனி சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. சாக்கோடு, தண்டோடு நிறுத்து 21 கிலோ என்று எழுதினால் என்ன ஆகும்? அந்த ஒரு கிலோவில் ஒருத்தன் வாழ்க்கை தொங்குது, தோழர்களே! மூன்றாவது, பிடித்த பொருள்தான் ஆய்வகத்துக்குப் போனதா? 52-ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுத்தார்களா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறை ஒன்று கிடைத்தாலே விடுதலை என்று நம்பாதீர்கள். 52-ஏ தவறியது மட்டும் போதாது, மற்ற சாட்சியங்களோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. 50ஆம் பிரிவு தரும் உரிமை, அதாவது மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் ஆபீசர் முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை, உடம்பைச் சோதிக்கும்போதுதான், பைக்குப் பொருந்தாது.

இனி வாக்குமூலம். 2004இல் சென்னையில் என்.சி.பி. போட்ட ஹெராயின் வழக்கு, 'தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு' என்ற பெயரில் டெல்லிவரை போனது. அதிகாரிகள் 67ஆம் பிரிவின்கீழ் எழுதி வாங்கும் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கலாமா என்பதே கேள்வி. கூடாது என்று 2020 அக்டோபர் 29இல் மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தார்கள். அந்த அதிகாரிகளும் போலீஸ்தான், அவர்களிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்றார்கள். 2004க்கும் 2020க்கும் நடுவே 16 வருஷம்! அதற்குள் எத்தனை பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தாலேயே உள்ளே போயிருப்பார்கள்? தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) ஆரம்பத்திலிருந்தே சொல்கிறது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைந்த சட்டம் அது. ஸ்டேஷன் வாசல்படி ஏறவே அதற்கு இத்தனை காலம்.

2022இல் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலித். தீர்ப்பு வருமுன்பே தண்டனை முடிந்துவிடுகிறது.

அதனால மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்க. தெருவில் ஒருத்தனைப் பிடித்துப் போனால், 'அவன் செஞ்சானா?' என்று நமக்குள் தீர்ப்பு எழுத வேண்டாம். மகஜர் நகல் எங்கே? 2024 ஜூலை முதல் புதிய நடைமுறைச் சட்டம் சோதனையை வீடியோ எடுக்கச் சொல்கிறதே, அந்த வீடியோ எங்கே? எடுத்தபோது எடை என்ன, கோர்ட்டுக்கு வந்தபோது எடை என்ன? இதைக் கேட்டு எழுதி வையுங்கள், வக்கீலிடம் கொடுங்கள். இலவச சட்ட உதவி கேட்பது பிச்சையல்ல, உரிமை.

குற்றம் நிரூபணமானால் தண்டிக்கட்டும், நாம் குறுக்கே நிற்கப் போவதில்லை. நிறுக்க வேண்டியது சாட்சியத்தை, சாதியை அல்ல.