சிற்றிலும் சொல்லும்



பத்தாம் ஆண்டு விழாக் காணும் மன்றத்தில், பத்துப் பருவங்களால் அமைந்த பிள்ளைத்தமிழை நினைவுகூர்தல் பொருத்தமாகும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மூன்றும் விளையாட்டே. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, கழங்கு அல்லது நீராடல், ஊசல் ஆகியவை அவ்விடத்தைப் பெறுகின்றன. குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பாடிய புலவர்கள் எழுத்தறிவித்தலுக்கெனத் தனிப் பருவம் வகுக்கவில்லை, விளையாட்டுக்கு வகுத்தனர்.

அவ்விளையாட்டின் இயல்பைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. கபிலரின் குறிஞ்சிக்கலியில் ஒரு பெண், தெருவில் தான் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்து, சூடிய மாலையைப் பறித்து, வரிப்பந்தைக் கவர்ந்தோடிய சிறுவனை, வளர்ந்த பின்னும் மறவாது தோழியிடம் கூறுகிறாள். அவ்விளையாட்டில் நடுவர் இல்லை, பரிசும் இல்லை. பூசலும் இணக்கமும் பிள்ளைகளுக்குள்ளேயே நிகழ்ந்தன.

புறநானூற்றின் 243ஆம் பாடலில், தொடித்தலை விழுத்தண்டினார் கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதுமையில் நிற்கிறார். அவர் நெஞ்சம் தேடுவது பொருளையன்று, புகழையுமன்று. மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், கைகோத்துக் குளத்தில் ஆடியதும், மருதமரக் கிளையிலிருந்து கரையோர் வியக்கக் குதித்து ஆழத்து மணலை அள்ளி வந்ததுமே அவர் நினைவில் நிற்கின்றன. கற்றறியாத இளமை என்று அதற்கு இரங்குகிறார். ஆயினும் நீரின் ஆழத்தையும் தம் மூச்சின் அளவையும் தோழமையின் சுவையையும் அங்கேதான் கற்றார்.

இன்று பல இல்லங்களில் பள்ளி முடிந்ததும் தனிப்பயிற்சி, பின்பு பாட்டு, சதுரங்கம் எனப் பிள்ளையின் மாலை பங்கிடப்படுகிறது. விடுமுறை நாளில் ஒப்புவித்தல் போட்டி காத்திருக்கிறது. அப்போட்டிகளை நடத்தும் இலக்கிய மன்றங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையெனக் கூறுகிறது. 1992இல் இந்தியாவும் அதனை ஏற்றது. ஏட்டில் உள்ள அவ்வுரிமை முற்றத்திற்கு வரவேண்டும்.

குளத்தில் ஆபத்தும் உண்டு. பெரியோர் காவல் வேண்டும். ஆனால் காவல் வேறு, கட்டளை வேறு. மணலைப் பாவையெனக் கொள்ளும் குழந்தையே முதல் உருவகத்தைப் படைக்கிறது. அதனை எவரும் அதற்குக் கற்பிக்கவில்லை. திருக்குறளை மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் பரிசளித்து மகிழ்வோர், பரிசில்லாத ஒரு மாலைப்பொழுதையும் அப்பிள்ளைக்கு விட்டுவைத்தல் வேண்டும். நாளைய கவிஞர்களுக்கு இன்றைய கவிஞர்கள் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.