கூனிச் சம்பலும் எங்கள் தோழியும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் பேசுகிறோம். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பிறந்த எங்களுக்குக் கடல் என்பது கடையில் வாங்கும் நெத்தலியும் கருவாடும் கூனியும்தான். விடுதியில் ரொட்டியும் கூனிச் சம்பலும் என்றால் வரிசையில் முண்டியடிப்போம். ஒருத்தி மட்டும் தொடமாட்டாள். வாய் அரிக்கிறது என்பாள். "பெரிய துரைசாணி" என்று கேலி செய்தோம். ஒரு நாள் கண்ணை மூடச் சொல்லி ஊட்டியும் விட்டோம். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. மேட்ரன் அம்மா வான் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறோம்.

இறால், நண்டு, கூனி எல்லாவற்றின் தசையிலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. சிலருடைய உடம்பு அதைப் பகையாக எண்ணிவிடுகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவன ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஆய்வொன்று 1993-இல் இதை உறுதிசெய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது நம் கடலிலும் கிடைக்கும் வெள்ளை இறால். இந்தப் புரதம் சூட்டுக்கு அழியாது. காய வைத்தாலும் வறுத்தாலும் அப்படியே இருக்கும். இறால் வடை பொரித்த எண்ணெயில் பருப்பு வடை பொரித்தாலும் ஆபத்துத்தான்.

மீனின் கதை வேறு. அதில் ஒவ்வாமை தருவது வேறு புரதம். ஆனால் எங்கள் தோழிக்கு வீட்டில் நெத்தலி, மாசி, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். லயத்துப் பிள்ளைக்கு அவற்றை விட்டால் வேறென்ன இருக்கிறது? பத்தாம் வகுப்பில் அவள் இரத்தச்சோகையோடு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்ததற்கு ஒவ்வாமையைவிடப் பத்தியமே காரணம் என்று இப்போது நினைக்கிறோம். எதை விலக்குவது என்பதை வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நெத்தலியில் சின்ன இறால் கலந்து வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அயடீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உப்பை மாற்றத் தேவையில்லை.

மூச்சுத் திணறினால், தலை சுற்றினால், பிரிட்டன் குளிசையை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது அரிப்பைத் தணிக்கும், உயிரைக் காக்காது. காப்பது தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் அட்ரினலின் ஊசி. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் அதைப் பேனாவாகக் கைப்பையில் வைத்திருப்பார்கள். இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே உடனே 1990-ஐ அழையுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வையுங்கள். லயத்திலிருந்து றோட்டுக்கு நடக்க விடாதீர்கள், தூக்கி வாருங்கள். சுகமானதும் வீட்டுக்கு ஓடிவரவும் வேண்டாம். சில மணி நேரம் கழித்து மீண்டும் வருவதுண்டு.

இன்று மதியம் இரண்டு சம்பல் வைத்திருக்கிறோம், ஒன்றில் கூனி இல்லை. தயவுசெய்து கரண்டிகளை மாற்றிவிடாதீர்கள்.