பீச் ஃபேஸும் ஃபிஷரும்: ஜோடி சேர்க்கலாமா?

வில்லியனூர்ல என் அத்தை பையன் மொட்டை மாடியில ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறான். நாம வழக்கமா லவ் பேர்ட்ஸ்னு சொல்ற பட்ஜி இல்ல, இது வேற. பாகூர்ல ஒருத்தர் புது கலர் வேணும்னு கேட்டாராம். "பீச் ஃபேஸையும் ஃபிஷரையும் ஜோடி போடலாமாடா?"ன்னு எனக்குப் போன்.

காட்டுல இது ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. ஒண்ணு நமீபியா பக்கம், இன்னொண்ணு தான்சானியா. கூண்டுல நாமதான் சேர்த்து வைக்கிறோம். குஞ்சு பொரிக்கும். ஆனா அந்தக் குஞ்சு வளர்ந்தா அதுக்கு வாரிசு கிடையாது.

அதைவிட என்னை உலுக்கினது, கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டில்கர் 1962இல் எழுதின ஆய்வு. கூடு கட்டறப்போ பீச் ஃபேஸ், கிழிச்ச காகிதத் துண்டுகளை முதுகு இறகுக்குள்ள செருகிக்கிட்டுப் பறக்கும். ஃபிஷர் அலகுல கவ்விக்கிட்டுப் போகும். கலப்புப் பறவைக்கு ரெண்டும் அரைகுறை. செருகும், விழுந்துடும், எடுக்கும், மறுபடி செருகும். அலகுலயே ஒழுங்கா தூக்கிட்டுப் போகக் கத்துக்க வருஷக்கணக்கு ஆச்சு. அப்பவும் செருகப் போற மாதிரி தலையைத் திருப்புமாம்.

நம்ம வேலையில மெர்ஜ் சொதப்பினா ரிவர்ட் பண்ணிடலாம். இது பத்து வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கும்.

கலப்பே பாவம்னு நான் சொல்லல. ஆனா ஒரே இனத்துக்குள்ளயே எத்தனையோ கலர் எடுக்கலாமே?

"அதுக்கு நாளாகும்டா"ன்னான்.

"ஆகட்டும்"னேன்.

இப்போதைக்கு ரெண்டும் தனித்தனிக் கூண்டுலதான் இருக்கு. பாகூர்க்காரர் வாராவாரம் போன் பண்றாராம்.