ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்



காசநோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கொடுக்கிறோம். அப்படியும் சிலர் இறந்துபோகிறார்கள். அந்த இறப்புகளில் பெரும்பகுதி, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் நடப்பவை. மருந்து பலன் தர நாள் பிடிக்கும். அதுவரை சிலருடைய உடம்பு தாங்குவதில்லை. அவர்கள் யார் என்று முதல் நாளே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும் என்று 2022இல் தமிழ்நாடு களத்தில் இறங்கியது. ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று பெயர். ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஐந்தே விஷயங்கள்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்பது. ஆபத்து தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்வார்கள்.

இந்த ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது மூச்சை எண்ணுவது. எளிது என்று நினைப்பீர்கள். “உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள், உடனே அவர் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சில் வைத்து எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற வேலை கூடாது, முழு நிமிடம். 24ஐத் தாண்டினால் எச்சரிக்கை.

“ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற கருவி இருக்கிறதே, டாக்டர்?” என்கிறீர்களா? இருக்கிறது. 94 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கவலைப்பட வேண்டும். ஆனால் நகப்பூச்சு இருந்தாலோ, விரல் சில்லிட்டிருந்தாலோ கணக்கு தவறலாம். நம்மைப்போல் கறுத்த தோலில் சில சமயம் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். அதனால்தான் எண்ணச் சொல்கிறேன்.

கடலூர் முதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். படகு வேலை. “ஒண்ணுமில்லைங்க, சளிதான். மாத்திரை குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்” என்று சிரித்தபடி சொன்னார். எங்கள் செவிலியர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பதுக்கு மேல்! அன்றே சேர்த்து ஆக்சிஜன் வைத்தோம். சிரிக்கிற மனிதருக்கு மூச்சுத் திணறாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை, நேயர்களே.

அடுத்தது எடை. மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சளிப் பரிசோதனை சொல்லும். எடை மெஷினும் சொல்லும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் அறுபது சதவீதம் குறைவாக இருந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து அம்மா ஒருவர் மாதாமாதம் மெஷினில் ஏறும் முன் செருப்பைக் கழற்றுவார், வளையலையும் கழற்றுவார். “ஏமாத்தக் கூடாதுல்ல” என்பார். அவருக்கு எடை ஏறியபோது என்னைவிட அவர் கணவருக்குத்தான் பெருமை.

வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் வழி எப்படி வந்தது? சென்னையில் 1956இல் தொடங்கிய ஓர் ஆய்விலிருந்து. அதுவரை காசநோயாளி என்றால் சானடோரியம்தான். அந்த ஆய்வை நடத்திய சென்னை சேத்துப்பட்டு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைவதைக் காட்டியது. உலகமே அந்த வழிக்கு மாறியது. வீட்டில் இருக்கலாம் என்று அன்று கண்டுபிடித்தோம். யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று இப்போது பிரித்தறிகிறோம்.

ஆக, எடை, கால், மூச்சு, ஆக்சிஜன், நிற்பது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், பரங்கிப்பேட்டையோ பண்ருட்டியோ, பக்கத்து அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சிகிச்சையில் இருப்பவருக்கு மூச்சு வாங்கினால் அடுத்த மாத்திரை வாங்கும் நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அழைத்து வாருங்கள்.